இல்லத் திரையரங்குக்கு ஏற்ற கம்பி எது?

புது தில்லியின் தென்மேற்குப் பகுதியில் அமைந்துள்ள இராமகிருஷ்ணபுரம், சுதந்தரத்துக்குப் பின் மத்திய அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கென எழுந்த பெரிய குடியிருப்புகளுள் ஒன்றாகும். ஆர்.கே.புரம் என்னும் சுருக்கப் பெயரே மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. 1973ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட மலைமந்திரும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் அங்கு இருப்பதால், அது தமிழர்களுக்கு நன்கு பழகிய இடமாகவும் விளங்குகிறது. இங்குள்ள அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்வோருக்குப் பொதுவான நிலைமைகள் இரண்டு உண்டு. வீடு அவர்களுக்குச் சொந்தமன்று. ஆதலால் அனுமதியின்றிச் சுவரைக் குடைந்து கம்பி பதிக்க இயலாது. மாற்றல் உத்தரவு வந்தால், வாங்கிய பொருள்கள் யாவும் மற்றோர் ஊரில் மற்றொரு வீட்டிலும் பயன்பட வேண்டும். ஒலிக் கருவிகளுக்கான கம்பியைத் தேர்ந்தெடுப்பதில் இவ்விரு நிலைமைகளும் முக்கியமான இடத்தைப் பெறுகின்றன.

தில்லியில் டெலிவிஷன் ஒளிபரப்பு 1959ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15ஆம் நாள் தொடங்கிற்று. 1961ல் பள்ளி மாணவர்களுக்கான பாட ஒளிபரப்பும் ஏற்பட்டது. அந்நாளைய கருவியில் படமும் ஒலியும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருந்தன. ஸ்பீக்கருக்குத் தனியே கம்பி வாங்க வேண்டிய தேவையே எழவில்லை. இன்று ஹோம் தியேட்டர் எனப்படும் இல்லத் திரையரங்கில் ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் சப்வூஃபர் ஒன்றும் அறையின் வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. இவற்றை ஆம்ப்ளிஃபையருடன் இணைப்பது கம்பியே.

இக்கம்பியை வாங்கச் சாந்தினி சௌக்கில் உள்ள பகீரத் பேலஸ் மின்பொருள் அங்காடிக்கோ, செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்கோ செல்பவர் ஒரு புதிரை எதிர்ப்படுகிறார். மீட்டர் சில பத்து ரூபாய்க்கு விற்கும் கம்பியும் உண்டு. பல ஆயிரம் ரூபாய் விலை சொல்லப்படும் கம்பியும் உண்டு. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. குறைந்த மானியத்தில் வகுப்பறைக்கு ஒலிக்கருவி வாங்கும் பள்ளிக்கும் இவ்வாறே. விலை உயர்ந்த கம்பி உண்மையிலேயே நல்லொலி தருமா, மலிவான கம்பி கருவிக்குக் கேடு செய்யுமா என்னும் வினாக்களுக்கு விடை காண உயர்ந்த சோதனைச்சாலை ஏதும் வேண்டியதில்லை. உயர்நிலைப் பள்ளிப் பௌதிகப் பாடத்தில் வரும் ஓம் விதியே போதுமானது.

கம்பி ஆற்றும் பணி

ஆம்ப்ளிஃபையரிலிருந்து மின்னோட்டம் ஒரு கம்பி வழியே ஸ்பீக்கருக்குச் சென்று, மற்றொரு கம்பி வழியே திரும்புகிறது. ஸ்பீக்கரின் பின்புறத்தில் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது ஸ்பீக்கரின் மின்மறுப்பு. கம்பிக்கும் சிறிது மின்தடை உண்டு. ஆம்ப்ளிஃபையர் தரும் மின்னழுத்தம் இவ்விரண்டுக்கும் இடையே பங்கிடப்படுகிறது. கம்பி எடுத்துக்கொள்ளும் பங்கு வெப்பமாக வீணாகிறது. எஞ்சியதே ஒலியாக மாறும் வாய்ப்பைப் பெறுகிறது.

இழப்பு மட்டுமே குறை எனக் கருதுதல் கூடாது. ஸ்பீக்கரின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. சில அதிர்வெண்களில் உயர்ந்தும் சிலவற்றில் தாழ்ந்தும் காணப்படும். கம்பியின் தடை மிகுமாயின், மின்மறுப்பு தாழ்ந்த இடங்களில் ஒலி கூடுதலாகக் குன்றும். இதனால் பாட்டிலும் பேச்சிலும் ஒலிகளின் இயல்பான சமநிலை மாறுகிறது. ஆகவே, போக வர உள்ள இரு கம்பிகளின் மொத்தத் தடை, ஸ்பீக்கரின் மின்மறுப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது நடைமுறையில் கொள்ளப்படும் ஒரு வரம்பு. இதன்படி 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓமும், 6 ஓம் ஸ்பீக்கருக்கு 0.3 ஓமும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓமும் எல்லையாகும். இவ்வெல்லையில் ஒலியின் அளவு அரை டெசிபலுக்கும் குறைவாகவே குன்றுகிறது. சாதாரணமாகக் கேட்பவர் செவிக்கு அது புலப்படுவது அரிது.

தடையை நிர்ணயிப்பவை மூன்று: கம்பியின் நீளம், அதன் குறுக்குப் பரப்பு, உலோகத்தின் தன்மை. நீளம் இருமடங்கானால் தடையும் இருமடங்காகும். குறுக்குப் பரப்பு இருமடங்கானால் தடை பாதியாகும். கம்பியின் மேலுறை நிறமோ, பொன்முலாம் பூசிய முனையோ, அட்டைப் பெட்டியின் அழகோ இக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

ஓர் அறைக்கான கணக்கு

பல இழைகளைக் கொண்டு வளையக்கூடியதாகச் செய்யப்படும் செம்புக் கம்பிகளுக்கு இருக்கத்தக்க உச்சத் தடையை ஐ.எஸ். 8130 என்னும் இந்தியத் தரநிர்ணயம் வகுத்துள்ளது. 20 டிகிரி செல்ஷியஸ் வெப்பநிலையில், ஆயிரம் மீட்டர் நீளத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் தடை 39 ஓமுக்கு மேற்படலாகாது. 0.75 சதுர மில்லிமீட்டருக்கு 26 ஓமும், 1 சதுர மில்லிமீட்டருக்கு 19.5 ஓமும், 1.5 சதுர மில்லிமீட்டருக்கு 13.3 ஓமும், 2.5 சதுர மில்லிமீட்டருக்கு 7.98 ஓமும் வரம்பாகும். ஆசிரியர்கள் இவ்வைந்து எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால் வேறு அட்டவணை தேவையில்லை.

எடுத்துக்காட்டாக, நான்கரை மீட்டர் நீளமும் மூன்றரை மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையைக் கொள்வோம். குறுகிய சுவரின் நடுவே டெலிவிஷனும் ஆம்ப்ளிஃபையரும் உள்ளன. சர்வதேசப் பரிந்துரையின்படி, கேட்போரின் நேர்ப்பார்வையிலிருந்து முன் ஸ்பீக்கர்கள் இருபுறமும் 30 டிகிரி கோணத்திலும், சூழொலி ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 டிகிரி கோணத்திலும் அமைதல் வேண்டும். ஆகவே பின்னிரு ஸ்பீக்கர்கள் அறையின் மறுகோடியை நாடிச் செல்கின்றன.

இனிக் கம்பி செல்லும் வழியை அளக்க வேண்டும். சுவரைக் குடைய இயலாத குடியிருப்பில் கம்பி சுவரோரமாகவே சென்றாக வேண்டும். குறுகிய சுவரின் நடுவிலிருந்து மூலை வரை 1.75 மீட்டர், நீண்ட சுவர் நெடுக 4.5 மீட்டர், இடையில் ஒரு கதவு இருப்பின் நிலையின் மேலேறி இறங்க ஏறத்தாழ 4.2 மீட்டர், இரு முனைகளிலும் விடவேண்டிய மிச்சம் 1 மீட்டர். ஆக, ஏறத்தாழ 12 மீட்டர் ஆகிறது. அறையின் நீளம் நான்கரை மீட்டர்தானே எனக் கருதி ஐந்து மீட்டர் வாங்கி வருபவர் இங்கேதான் ஏமாறுகிறார். பின்னர் பாதியில் துண்டுக் கம்பியை முறுக்கி ஒட்டுப் போடுகிறார். அவ்வொட்டு நாளடைவில் தளர்ந்து, விட்டுவிட்டுக் கேட்கும் ஒலிக்குக் காரணமாகிறது.

12 மீட்டர் தூரத்துக்குப் போக வர 24 மீட்டர் கடத்தி உண்டு. 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் தடை 0.94 ஓம், 0.75 ஆயின் 0.62 ஓம், 1 ஆயின் 0.47 ஓம், 1.5 ஆயின் 0.32 ஓம்; 2.5 ஆயின் 0.19 ஓம். எனவே 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போதுமானது. 6 ஓம், 4 ஓம் ஸ்பீக்கர்களுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் பொருத்தமானது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை இதே தூரத்துக்கு உபயோகித்தால், ஸ்பீக்கர் பெறவேண்டிய திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

முன் ஸ்பீக்கர்களோ மூன்று மீட்டருக்குள் உள்ளன. போக வர 6 மீட்டர் நீளமுள்ள 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியின் தடை 0.16 ஓம் மட்டுமே. 4 ஓம் ஸ்பீக்கருக்கும் இது வரம்புக்குள் அடங்குகிறது. எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒரே தடிப்புள்ள விலை உயர்ந்த கம்பியை வாங்குவது அவசியமன்று என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ஆனால் மாற்றலாகிச் செல்லக்கூடியவர், அடுத்த வீட்டின் அறை எவ்வளவு பெரிதாயிருக்கும் என்பதை முன்கூட்டி அறிய முடியாது. அத்தகையோர் பின் ஸ்பீக்கர்களுக்கு ஒரு படி தடித்த கம்பியைச் சற்று நீளமாகவே வாங்கிவைத்தல் சிக்கனமே ஆகும்.

தில்லியின் கோடை வெப்பத்தையும் கருத வேண்டும். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 0.39 பங்கு வீதம் உயர்கிறது. அறை 45 டிகிரி வெப்பம் அடையுமாயின், 20 டிகிரியில் இருந்ததைவிடத் தடை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிகும். 0.32 ஓம் 0.35 ஆகும், 8 ஓம் ஸ்பீக்கருக்குரிய வரம்பை அது அப்போதும் கடப்பதில்லை.

உலோகத்தின் வரலாறு

மூன்றாவது கூறாகிய உலோகத்தின் தன்மை, தந்தித் துறையின் தொடக்க காலத்திலேயே ஆராயப்பட்டது. இந்தியாவில் 1851ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே வில்லியம் ஓ'ஷாக்னஸி அமைத்த தந்தித் தடத்தில் தடித்த இரும்புக் கோல்கள் கடத்தியாக உபயோகிக்கப்பட்டன. இரும்பின் கடத்துந்திறன் செம்பினதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. எனினும் தடிப்பு அக்குறையை ஈடுசெய்தது.

அட்லாண்டிக் கடலடித் தந்திக்கான கம்பி தயாரிக்கப்பட்ட காலத்தில், பின்னர் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்ஸன், கடைச் சரக்காகக் கிடைத்த செம்புக் கம்பிகளை ஆராய்ந்தார். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றிய கம்பிகளின் கடத்துந்திறன் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டதை 1857ல் வெளியிட்டார். செம்பில் கலந்திருந்த சிறு அளவு அசுத்தங்களே இவ்வேறுபாட்டை விளைவித்தன. அதன் பின்னர், கம்பியை அளந்து சோதித்து ஏற்கும் வழக்கம் தொழிலில் ஊன்றிற்று. 1913ஆம் ஆண்டில் பதப்படுத்திய செம்புக்குச் சர்வதேச அளவுத்தரம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் கடத்துந்திறனே 100 எனக் கொள்ளப்படுகிறது.

இன்று விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படும் ஆக்ஸிஜன் நீக்கிய செம்பின் கடத்துந்திறன் இவ்வளவையில் ஏறத்தாழ 101 ஆகும். சாதாரண மின்கம்பிச் செம்பு 100 அல்லது அதற்குச் சற்று மேல் நிற்கிறது. ஆதாயம் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவினதே. 1 சதுர மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை வாங்கினால் கடத்துந்திறன் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. சிறப்புச் செம்புக்குக் கொடுக்கும் பணத்தைத் தடிப்புக்குக் கொடுத்தல் பன்மடங்கு பயன் தரும் என்பது இதனால் விளங்கும்.

உலோகங்களில் தடை ஏன் உண்டாகிறது, வெப்பத்தால் அது ஏன் உயர்கிறது என்னும் அடிப்படை வினாக்களை ஆராய்ந்தவர்களுள் தமிழ்நாட்டு வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். அணுக்களின் வெப்ப அசைவால் எலக்ட்ரான்கள் சிதறுவதை அடிப்படையாகக் கொண்டு, ஏ.பி. பாட்டியாவுடன் இணைந்து அவர் 1940களில் உலோகத் தடை பற்றிய ஆராய்ச்சிகளை வெளியிட்டார். இந்தியாவின் தேசிய அளவுத்தரங்களைப் பேணும் தில்லி தேசியப் பௌதிகச் சோதனைச்சாலையின் முதல் இயக்குநரும் அவரே.

போலிச் செம்பை இனங்காணல்

விலை உயர்ந்த கம்பியால் நேரும் நஷ்டம் பணத்தோடு முடிகிறது. அங்காடியில் உண்மையான அபாயம் வேறொன்று. அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புத் தோல் போர்த்திய கம்பி, செம்புக் கம்பியைப் போலவே காட்சி தருகிறது. இதன் கடத்துந்திறன் செம்பினதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. இதை விற்பது குற்றமன்று. செம்பு எனக் கூறி விற்பதே ஏமாற்று. உறையில் 1.5 என அச்சிட்டிருந்தும் உள்ளே இழைகள் குறைந்திருப்பதும் உண்டு.

இவற்றைக் கண்டறியும் வழிகள் எளியவை. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் செம்பில் உள்ளும் செந்நிறமே தோன்றும். போலியில் வெண்மை வெளிப்படும். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்தினுடையது 2.7. ஆகவே ஒரே அளவுள்ள இரு சுருள்களைக் கையில் ஏந்தினாலே எடையின் வேறுபாடு புலனாகும். வீட்டு மின்சாரத்துக்கான, பி.வி.சி. உறையிட்ட செம்புக் கம்பிகள் ஐ.எஸ். 694 என்னும் தரநிர்ணயத்தின்கீழ் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் விற்கப்படுகின்றன. அவற்றுள் வளையக்கூடிய இரட்டைக் கம்பியை ஸ்பீக்கருக்குத் தடையின்றி உபயோகிக்கலாம். ஆனால் மின்சாரப் பிளக் பொருத்திய பழைய கம்பியை ஸ்பீக்கருக்கு மாற்றுதல் கூடாது. வீட்டார் யாரேனும் அதனைத் தவறுதலாகச் சுவர்ச் சாக்கெட்டில் செருகினால் விபரீதம் விளையும். அவ்வாறே, ஸ்பீக்கர் கம்பி என விற்கப்படும் மெல்லுறைக் கம்பியை மின்விளக்குக்கோ இஸ்திரிப்பெட்டிக்கோ உபயோகிப்பது தீவிபத்துக்கு வழிகோலும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

கம்பியின் தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் பிரிவால் அளக்க முயன்றால் பிழை நேரும். அளக்க வேண்டிய தடை அரை ஓமுக்கும் குறைவு. கருவியின் சொந்தக் கம்பிகளின் தடையே அதற்கு நிகராக இருக்கக்கூடும். இதற்கு மாற்றாக, ஓம் விதியை நேரே கையாளும் முறை ஒன்று உண்டு.

5 வோல்ட் கொண்ட, 2 ஆம்பியர் தரக்கூடிய கைப்பேசிச் சார்ஜர் ஒன்றும், 5 ஓம் மதிப்பும் 10 வாட் திறனும் உள்ள மின்தடை ஒன்றும், மல்டிமீட்டர் இரண்டும் வேண்டும். சோதிக்க வேண்டிய இரட்டைக் கம்பியை எக்கருவியுடனும் இணைக்காமல் தனியே வைத்து, அதன் ஒரு கோடியில் இரு முனைகளையும் ஒன்றாக முறுக்க வேண்டும். மறுகோடியில் உள்ள இரு முனைகளை, மின்தடையோடும் ஆம்பியர் அளக்கும் மீட்டரோடும் தொடராக இணைத்துச் சார்ஜரைச் செலுத்த வேண்டும். மின்னோட்டம் ஏறத்தாழ 0.9 ஆம்பியர் காட்டும். இரண்டாவது மீட்டரைக் கொண்டு கம்பியின் அவ்விரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை அளந்து, அதனை மின்னோட்டத்தால் வகுத்தால் கம்பியின் தடை கிடைக்கும். மின்தடை சூடேறுமாதலால் அதனைக் கையால் தொடாமல், ஓட்டின் மீதோ பீங்கான் தட்டின் மீதோ வைத்து, அளவு எடுத்தவுடன் சார்ஜரை நிறுத்திவிட வேண்டும்.

12 மீட்டர் நீளமுள்ள, 1.5 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்புக் கம்பியாயின் விடை 0.32 ஓமுக்கு மேற்படாது. அதே கம்பி 0.48 ஓம் அளவில் காட்டுமாயின், உள்ளே இருப்பது செம்புத் தோல் போர்த்த அலுமினியமாக இருக்கலாம். அல்லது அச்சிட்ட தடிப்பு பொய்யாக இருக்கலாம். மீட்டருக்குப் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள கம்பியும், முத்திரை பெற்ற எளிய கம்பியும் சம தடிப்பு உடையனவாயின் ஏறத்தாழ ஒரே விடையைத் தருவதை மாணவர் கண்கூடாகக் காண்பர்.

செவியால் வேறுபாட்டை உணர்வதாகக் கூறுவோர்க்கு மற்றொரு சோதனை உண்டு. எந்தக் கம்பி இணைக்கப்பட்டுள்ளது என்பதைக் கேட்போருக்குத் தெரிவிக்காமல், நாணயத்தைச் சுண்டி, விழும் பக்கத்துக்கேற்பக் கம்பியை மாற்றி, ஒரே ஒலியளவில் அதே பாட்டைப் பதினாறு முறை ஒலிக்கச் செய்து, விடைகளை எழுதச் சொல்ல வேண்டும். எட்டை ஒட்டிய எண்ணிக்கையில் சரியான விடை வருமாயின் அது வெறும் ஊகமே. பொருளின் விலையை முன்னரே அறிந்தவர் செவி அவ்விலையையும் சேர்த்தே கேட்கிறது என்பதை மாணவர் இதனால் உணர்வர். விஞ்ஞான முறையை விளக்க இதைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது.

ஸ்பீக்கர் கம்பிகள் யாவும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்னும் கூற்றையும் கணக்கால் சோதிக்கலாம். மின் சைகை 10 மீட்டர் கம்பியைக் கடக்கச் சில பத்து நானோ செகண்டுகளே ஆகின்றன. அந்நேரத்தில் ஒலி காற்றில் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு தூரமே செல்கிறது. கேட்பவர் தலையைச் சற்றே அசைத்தாலும் இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு உண்டாகிறது.

இணைக்கும் முறை

நல்ல கம்பியும் தவறாக இணைத்தால் பயன் தராது. ஆம்ப்ளிஃபையரை நிறுத்தி, மின்சாரத் தொடர்பை எடுத்த பின்னரே இணைப்பு வேலையைத் தொடங்க வேண்டும். முனை இழைகளை இறுக முறுக்கிச் செருக வேண்டும். வெளியே நீட்டிய ஓர் இழை அடுத்த முனையைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்பட்டு ஆம்ப்ளிஃபையர் பழுதாகக்கூடும்.

சிவப்பு முனையைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்தல் இன்றியமையாதது. இரு ஸ்பீக்கர்களுள் ஒன்று தலைமாறி இணைக்கப்பட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்து கேட்பது இதற்கு ஓர் அறிகுறி. ஐயம் எழுந்தால், ஆம்ப்ளிஃபையரிலிருந்து கம்பியைக் கழற்றி, 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றை முனைகளில் கணநேரம் தொட்டுப் பார்க்கலாம். செல்லின் நேர்முனை ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்குரிய கம்பியில் பட்டால், பெரிய ஸ்பீக்கரின் கூம்பு வெளிநோக்கி அசைதல் வேண்டும்.

பிற கம்பிகள்

சப்வூஃபர் தனக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உடையதாயின், அதற்குச் செல்வது வலிமை குன்றிய சைகை. இங்குத் தடிப்பைவிட, புறத்தேயுள்ள மின்புலத்தைத் தடுக்கும் பின்னல் கவசமே முக்கியம். ஆகவே கவசமிட்ட ஆர்.சி.ஏ. கம்பியை உபயோகித்து, அதனை மின்சாரக் கம்பிகளிலிருந்து விலக்கி அமைக்க வேண்டும். இடைவிடாத ரீங்காரம் கேட்குமாயின், இரு கருவிகள் வெவ்வேறு சாக்கெட்டுகளின் வழியே நிலத்தொடர்பு பெற்றிருப்பது அதற்கு ஒரு காரணமாகலாம். இரண்டையும் ஒரே சாக்கெட் வரிசையில் இணைத்துப் பார்க்கலாம். ரீங்காரத்தை நிறுத்துவதற்காகப் பிளக்கின் நிலத்தொடர்பு முனையை நீக்குவது உயிருக்கு ஆபத்தாகும்.

டெலிவிஷனிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒலியைக் கொண்டுவர இரு வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, தோஷிபா ஸ்தாபனம் 1983ல் அறிமுகப்படுத்திய ஒளியிழைக் கம்பி. இது ஒளியால் இயங்குவதால் மின் ரீங்காரம் இதன் வழியே வருவதில்லை. ஆனால் கூர்மையாக மடித்தால் பழுதுறும். மற்றொன்று எச்.டி.எம்.ஐ. கம்பி. 2009ல் வெளிவந்த அதன் 1.4 பதிப்பு முதல், டெலிவிஷனிலிருந்து ஒலி திரும்பி வரும் ஏ.ஆர்.சி. வசதி உண்டு. 2017ல் வெளிவந்த 2.1 பதிப்பு இதனை விரிவாக்கி, சுருக்கப்படாத பல்வழி ஒலிக்கும் இடமளித்தது. ஒளியிழைக் கம்பியால் அதனைக் கொண்டுசெல்ல இயலாது. இவ்விரண்டும் எண்களாக மாற்றிய சைகையைச் சுமப்பவை. சைகை முழுமையாக வந்து சேர்ந்தால் ஒலி முழுமையாகும்; சேராவிடில் ஒலி அறுந்து அறுந்து கேட்கும் அல்லது நின்றுவிடும். விலை உயர்ந்த கம்பியால் அவ்வெண்கள் இனிமை பெறுவதில்லை.

வீட்டுக்கு வெளியே

களப்பணியாளரும் பள்ளி ஆசிரியரும் கூட்டங்களுக்கு ஸ்பீக்கர் அமைக்கும்போது தூரமே பெரிய இடர். வீட்டுக்குச் செய்த கணக்கை இங்கு நீட்டிப் பார்க்கலாம். 100 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் போக வர உள்ள தடை 2.66 ஓம். இதன் வழியே 8 ஓம் ஸ்பீக்கரை இயக்கினால் அது பெறவேண்டிய திறனில் ஏறத்தாழ நூற்றுக்கு 44 பங்கு குறைந்துவிடும். கம்பியைப் பருமனாக்கிக்கொண்டே போவது செலவுக்குக் கட்டுப்படியாகாது. இக்காரணத்தாலேயே பொது இடங்களில் 100 வோல்ட் தட முறை கையாளப்படுகிறது. ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, ஸ்பீக்கர் பக்கத்தில் சிறு டிரான்ஸ்ஃபார்மரால் தாழ்த்துகின்றனர். 50 வாட் ஸ்பீக்கர் அப்போது தடத்துக்கு 200 ஓம் போலத் தோன்றும்; அதே கம்பியின் தடை நூற்றுக்கு 1.3 பங்கே ஆகிறது. வெகுதூரத்துக்கு மின்சாரத்தை உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பும் தத்துவமும் இதுவே. ஆனால் 100 வோல்ட் உடலுக்குத் தீங்கு விளைக்க வல்லது. இத்தடத்தை மின்சாரக் கம்பியாகவே கருதி, பயிற்சி பெற்ற மின்பணியாளரைக் கொண்டே அமைக்க வேண்டும்.

ஆகவே, கம்பி வாங்கப் புறப்படுமுன் செய்யத்தக்கவை மூன்று: கம்பி செல்லும் வழியை நூலால் அளத்தல், ஸ்பீக்கரின் பின்புறத்தில் உள்ள ஓம் எண்ணைக் குறித்தல், இவ்விரண்டுக்கும் ஏற்ற சதுர மில்லிமீட்டரைக் கணக்கிடுதல். இம்மூன்று குறிப்புகளும் கையில் இருந்தால், கடையில் கேட்கவேண்டியது முத்திரையுள்ள செம்புக் கம்பி இத்தனை மீட்டர் என்பது மட்டுமே. இவ்வாறு மிச்சமாகும் தொகையை நல்ல ஸ்பீக்கர் வாங்கவோ, எதிரொலி மிகுந்த அறையில் கனத்த திரைச்சீலையும் ஜமுக்காளமும் இடவோ செலவிட்டால், ஒலியில் தோன்றும் முன்னேற்றத்தை வீட்டிலுள்ள அனைவருமே உணர்வர்.